பொறுப்பை யார் கையில் கொடுப்பது? பனியன் கம்பெனிகளுக்கு முன்னால் நான்கு வழிகள்

நம்மிடம் ஆடை வாங்கும் ஐரோப்பிய நிறுவனத்திடமிருந்து, அதாவது பையரிடமிருந்து, ஒரு கேள்வித்தாள் வருகிறது. துணிக்குச் சாயம் போடுவது எந்தப் பட்டறை, அதன் கழிவுநீர் எங்கே போகிறது, கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது, பெண் தொழிலாளர்கள் புகார் கொடுக்க என்ன ஏற்பாடு, சென்ற ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது. பதில் அனுப்ப மூன்று வாரம். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை எச்.ஆருக்குத் தள்ளுகிறார். எச்.ஆர். கணக்குப் பிரிவுக்குத் தள்ளுகிறார். அவர்கள் பேக்டரி மேனேஜரைக் கேட்கச் சொல்கிறார்கள். யார் பதில் எழுதுவது என்று தீர்மானிப்பதற்குள்ளேயே முதல் வாரம் போய்விடுகிறது.

திருப்பூரிலும் கரூரிலும் கம்பெனி நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "கன்சல்டன்டிடம் ஒப்படைத்துவிடலாமா, இல்லை சம்பளத்துக்கு ஒரு ஆளை எடுக்கலாமா?" சட்டப்படியும் பையரின் விதிப்படியும் எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டைத் தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நூறு பேரிலிருந்து ஆயிரம் பேர் வரை வேலை செய்யும், கட்டிங்கும் தையலும் உள்ளே நடந்து சாயம் வெளியே ஜாப் ஒர்க்காகப் போகும் ஏற்றுமதிக் கம்பெனியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு சொல்லும் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, வேறு; நாம் இங்கே பேசுவது வேறு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்வதையும், தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதையும் அந்தக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது உங்கள் சாயக் கழிவைச் சுத்திகரிப்பதும், உங்கள் தையல் கூடத்தில் ஒரு பெண் பயமில்லாமல் வேலை செய்வதும் தர்மம் அல்ல, தொழில். பையர் கேட்பது அதைப் பற்றித்தான். 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் இந்த விவரங்களை ஆண்டறிக்கையிலேயே தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியதும் அதைப் பற்றித்தான். உங்கள் கம்பெனி பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் சரக்கு எடுப்பவர் இருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், வேலையை நிறுத்தும் அதிகாரம். தவறு கண்ணில் பட்டதும் மெஷினை நிறுத்தவோ, ஷிப்மென்ட்டைத் தள்ளிப் போடவோ, ஒரு பட்டறைக்குத் துணி அனுப்புவதை நிறுத்தவோ அந்த ஏற்பாட்டில் யாருக்காவது உரிமை இருக்கிறதா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, கெட்ட செய்தி மேலே வந்து சேர எத்தனை நாள் ஆகிறது. மூன்றாவது, எண்கள் மீட்டரிலிருந்தும் வருகைப் பதிவிலிருந்தும் வருகின்றனவா, ஆடிட்டுக்கு முந்தைய இரவு எழுதப்படுகின்றனவா. நான்காவது செலவு, அதிலும் பில்லில் வராத செலவு. ஐந்தாவது, பொறுப்பில் இருப்பவர் வேலையை விட்டுப் போனாலும் ஏற்பாடு நிற்குமா.

அதிகாரத்தை ஏன் முதலில் வைத்தேன் என்றால், திருப்பூர் அந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயத்தொட்டியாகிப் போனது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அவற்றில் பல பட்டறைகளுக்கு அதற்கு முன் அனுமதிக் கடிதம் இருந்தது, கோப்பு இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இருந்தார். உள்ளே இருந்த யாராலும் வால்வை மூட முடியவில்லை. கடைசியில் நீதிமன்றம் மூடியது, ஒழுங்காக நடத்தியவர்களும் சேர்ந்து மூடப்பட்டார்கள்.

## முதல் வழி: கன்சல்டன்டும் சான்றிதழும்

வெளியாள் ஒருவர் வருகிறார். கொள்கை ஆவணம், பதிவேடுகள், அறிவிப்புப் பலகைகள் எல்லாம் தயார் செய்கிறார். சுற்றுச்சூழலுக்கு ஐ.எஸ்.ஓ. 14001, தொழிலாளர் நலனுக்கு எஸ்.ஏ. 8000, இயற்கைப் பருத்திக்கு காட்ஸ் என்று பையர் கேட்கும் சான்றிதழை வாங்கித் தருகிறார்.

நன்மை வெளிப்படையானது. வேலை சீக்கிரம் முடிகிறது, என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும், முதல்முறை ஏற்றுமதிக்குப் போகிறவருக்கு அந்த அனுபவம் உண்மையிலேயே பெரிய உதவி. தீயணைப்புக் கருவியை எங்கே மாட்ட வேண்டும், ரசாயனக் கேனுக்குக் கீழே ஏன் தட்டு வைக்க வேண்டும் என்பதை நானும் ஒரு கன்சல்டன்டிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் முதல் அளவுகோலில் இந்த வழிக்குப் பூஜ்யம். மாதம் இரண்டு முறை வருபவரால் எதையும் நிறுத்த முடியாது. ஆடிட் நாளன்று பல கம்பெனிகளில் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறேன். கட்டிங் மாஸ்டரின் கையில் இரும்புக் கண்ணி உறை, பையிலிருந்து அன்று காலைதான் எடுத்தது, அளவு பொருந்தாமல் விரல் நுனிகள் தொங்கிக்கொண்டிருக்கும். முதலுதவிப் பெட்டியில் பிரிக்காத பஞ்சுச் சுருள். செக்கிங் மேஜையில் இருக்கும் அக்காவுக்கு "குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, ஓவர்டைம் எத்தனை மணி நேரம்" என்ற கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம். அவர் உண்மையில் வேலை செய்த நேரம் இன்னொரு நோட்டில் இருக்கும்.

இதன் விலை எவ்வளவு பெரியதாகலாம் என்பதற்கு கராச்சி ஒன்றே போதும். அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வாசல்கள் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது.

பில்லில் வராத செலவுகளும் உண்டு. சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடாது, அவ்வப்போது கண்காணிப்பு ஆடிட், காலம் முடிந்தால் புதுப்பித்தல். நான்கு பையர் இருந்தால் நால்வரும் தனித்தனி ஆடிட் கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு நாள் உற்பத்தி தடுமாறும். கன்சல்டன்டோடு கணக்குத் தீர்ந்தால் கோப்பில் என்ன இருக்கிறது என்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. இரண்டு நோட்டு வைத்திருப்பது ஒருமுறை பிடிபட்டால் அந்த பையர் திரும்ப வரமாட்டார்.

இது யாருக்குப் பொருந்தும்? நூற்றைம்பது பேருக்குக் கீழே இருந்து, முதல் ஏற்றுமதி ஆர்டரை வாங்கப் போகிறவர்களுக்கு. அதுவும் ஓராண்டுக்கு மட்டும், உள்ளே ஒருவரைக் கூடவே உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளச் செய்வதாக இருந்தால் மட்டும்.

## இரண்டாவது வழி: தனி அதிகாரி

கம்ப்ளையன்ஸ் அதிகாரி என்று ஒருவரை நியமிப்பது. நான் இருந்த நாற்காலி இது.

தினமும் தளத்தில் இருப்பதால் தகவல் சீக்கிரம் வரும். மின்சார யூனிட், தண்ணீர் மீட்டர், ஓவர்டைம் மணி நேரம், பட்டறை அனுப்பும் கழிவுநீர் ரசீது எல்லாம் ஒரு கையில் சேரும். பையரின் கேள்வித்தாளுக்கு இரண்டே நாளில் பதில் போகும்.

சிக்கல் எங்கே வரும் என்பதை என் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன். ஒரு கம்பெனியில் ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குப் பேக்கிங் பகுதிக்குப் போனேன். பின்பக்க அவசர வாசலை மறைத்து அட்டைப்பெட்டிகள் என் தலை உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே நாற்பது பேராவது இருப்பார்கள். எடுக்கச் சொன்னேன். "காலையில் லாரி வந்ததும் போய்விடும் சார்" என்றார் பேக்கிங் சூப்பர்வைசர். பேக்டரி மேனேஜருக்குப் போன் செய்தேன். "லாரியை நிறுத்தி, சரக்கு கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் ஏர் ஷிப்மென்ட் ஆனால் அந்தச் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கலாமா?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஷிப்மென்ட் தேதிக்கு அவர்தான் பொறுப்பு, நான் அவருக்குக் கீழே இருந்தேன். அவர் எழுதும் மதிப்பீட்டில்தான் என் சம்பள உயர்வு இருந்தது. நானும் இன்னொரு பையனும் சேர்ந்து வாசல் அகலத்துக்கு மட்டும் பெட்டிகளை நகர்த்திவிட்டு விடியும் வரை அங்கேயே நின்றோம். அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஆகவே தனி அதிகாரி என்ற ஏற்பாட்டின் தரத்தைப் பட்டமோ படிப்போ தீர்மானிப்பதில்லை, அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. உற்பத்திப் பிரிவுக்குக் கீழே வைத்தால் அவர் எழுத்தர். நேராக முதலாளிக்குக் கீழே வைத்து, "வாசல் அடைபட்டிருந்தால் நீங்கள் லைனை நிறுத்தலாம், கேள்வி கேட்க மாட்டேன்" என்று எழுத்தில் கொடுத்தால் அவர் அதிகாரி.

சம்பளம் பெரிய செலவல்ல. அவர் நிறுத்தும் நாளில் ஆகும் ஏர் ஷிப்மென்ட் கட்டணம்தான் உண்மையான செலவு. அதைத் தாங்க மனம் இல்லையென்றால் இந்த வழியில் போக வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆள் வந்துவிட்டார் என்றதும் மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள். "அது கம்ப்ளையன்ஸ் வேலை" என்ற வாக்கியம் கம்பெனிக்குள் புழங்க ஆரம்பித்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் அவர் தனிமரம்.

நானூறு பேருக்கு மேல், மூன்று நான்கு பையர், சொந்தமாக ஏற்றுமதி என்றால் தனி ஆள் இல்லாமல் முடியாது.

## மூன்றாவது வழி: துறைத் தலைவர்களிடம் பிரித்துக் கொடுப்பது

இதில் தனிப் பிரிவு கிடையாது. தண்ணீரும் ரசாயனமும் துணி கொள்முதல் செய்பவரின் பொறுப்பு. ஓவர்டைம், உற்பத்தி மேனேஜருடையது. பெண்களின் புகார், சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவுடையது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் முதலாளி தலைமையில் உட்கார்ந்து ஒரே தாளில் உள்ள எண்களைப் பார்க்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது அலட்சியமான ஏற்பாடு போலத் தெரியும். எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இதில்தான். காரணம் சொல்கிறேன்.

ஒரு கருநீல டி-சர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ துணிக்கு, கிலோவுக்கு ஆறு லிட்டர் என்ற அளவில் 600 லிட்டர் தண்ணீர், 36 கிலோ உப்பு. உப்பு துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. அலசும் தண்ணீர் இதற்கு மேல். இப்போது பையர் நிறத்தின் ஷேட் சரியில்லை என்கிறார். சிறு துண்டில் சாயம் போட்டுக் காட்டும் நிற மாதிரியான லேப் டிப்புக்கு முழுதாக ஒப்புதல் வாங்காமலே மெர்ச்சண்டைசர் மொத்தத் துணிக்கும் சாயம் போடச் சொல்லியிருந்தார், தேதி நெருக்கடி. துணி திரும்பப் பட்டறைக்குப் போகிறது. நிறத்தை உரித்து மறுபடி சாயம் போட வேண்டும். தண்ணீர் மறுபடி, உப்பு மறுபடி. போன நாட்களை ஈடுகட்டத் தையல் லைன் இரவு பத்து மணி வரை ஓடுகிறது. கடைசி பஸ் போய்விட்டதால் பெண்களை வேனில் அனுப்ப வேண்டும், அந்த வேனில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர், உப்பு, ஓவர்டைம், பெண்கள் பாதுகாப்பு என்று கேள்வித்தாளில் நான்கு தனித்தனிக் கட்டங்கள். தளத்தில் அவை ஒரே முடிவின் நான்கு விளைவுகள், அந்த முடிவை எடுத்தவர் மெர்ச்சண்டைசர். கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு அது தெரிய வரும்போது துணி இரண்டாம் முறை சாயத்தொட்டியில் இருக்கும். முடிவு எடுக்கும் இடத்திலேயே பொறுப்பையும் வைத்தால்தான் "இந்தத் தேதிக்கு முடியாது" என்ற சொல் பையரிடம் சரியான நேரத்தில் போய்ச் சேரும். அதற்கு ஒரே ஓர் எண் போதும் என்பது என் அனுபவம்: மாதத்துக்கு எத்தனை கிலோ துணி மறுசாயத்துக்குத் திரும்பியது. அதை மெர்ச்சண்டைசரின் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

உள்ளகக் குழுவைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரித்து முடிக்க தொண்ணூறு நாள். பல இடங்களில் முதலாளியின் மனைவி தலைவர், குழு கூடியதே இல்லை, புகார் எண்ணிக்கை பூஜ்யம். முந்நூறு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மூன்றாண்டாகப் பூஜ்யம் என்றால் நான் கவலைப்படுவேன். புகார்ப் பெட்டி சூப்பர்வைசரின் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இந்த வழியின் விலை முதலாளியின் நேரம். ஒரு வாரம் கூட்டம் தள்ளிப்போனால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். அடுத்த தலைமுறை பொறுப்பேற்கும்போது பழக்கம் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. முதலாளி தினமும் தளத்துக்கு வரும், நூற்றைம்பது முதல் நானூறு பேர் வரையிலான கம்பெனிக்கு இதுவே ஏற்றது.

## நான்காவது வழி: கூட்டாகச் செய்வது

தனியாகத் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்து தாங்குவது. இதற்கு இரண்டு உருவங்களை நம் கண் முன்னாலேயே பார்க்கலாம்.

ஒன்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையம். 2011 மூடலுக்குப் பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்து இவற்றைத் தூக்கி நிறுத்தியது. பட்டறைக் கழிவு குழாய் வழியாக நிலையத்துக்கு வரும். நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து, ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சமிருக்கும் உப்புக் கரைசலை ஆவியாக்கித் தண்ணீரையும் சாயத்துக்குத் திரும்பப் பயன்படும் உப்பையும் பிரித்தெடுக்கிறார்கள். சிறு பட்டறை தனியாகக் கட்டவே முடியாத ஏற்பாடு இது. ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கும் கசடுக்கும் நல்ல வழி எளிதில் கிடைப்பதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மூட்டையின் அடிப்பகுதி ஈரமாகிக் கசியும். நீங்கள் துணி அனுப்பும் பட்டறை எந்த நிலையத்தோடு சேர்ந்தது, என்று கேட்டு, சாயம் போட எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தது, எத்தனை லிட்டர் கழிவைக் குழாயில் அனுப்பியது என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. இரண்டும் பொருந்தாவிட்டால் மிச்சம் எங்கோ ஓடையில் போகிறது. ஆவியாக்க ஆகும் மின்சாரமும் விறகும் சாயக் கூலியில் ஏறும். கூலி மிகவும் குறைவாகச் சொல்லும் பட்டறையைக் கண்டால் நான் சந்தோஷப்படமாட்டேன்.

மற்றொன்று திண்டுக்கல் ஒப்பந்தம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஈஸ்ட்மேன் குழுமத்தைச் சேர்ந்த ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் கம்பெனியும், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம் முதலிய பிராண்டுகளும் சேர்ந்தன. அந்த ஒப்பந்தப்படி தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று லைனில் நின்றார்கள். ஒப்பந்தத்தைக் கம்பெனி மீறினால் பிராண்டுகள் வர்த்தகரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. வேலையை நிறுத்தும் அதிகாரத்தை வெளியே வைத்துப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது. நான்கு வழிகளில் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் பெறுவது இது ஒன்றுதான்.

சங்கம் என்றாலே பயப்படும் முதலாளிகளை எனக்குத் தெரியும். பேச்சுவார்த்தைக்கு நேரம் போகும், சூப்பர்வைசர்கள் முறைத்துக்கொள்வார்கள், முதல் சில மாதங்களில் புகார் எண்ணிக்கை ஏறும். அந்த ஏற்றம் புதிய தவறுகள் நடப்பதால் வருவது அல்ல, பழையவை வெளியே தெரிய வருவதால் வருவது. இளம் பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெரிய ஆலைகளுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கன்சல்டன்ட் | தனி அதிகாரி | துறைவாரி | கூட்டு |
|---|---|---|---|---|
| நிறுத்தும் அதிகாரம் | இல்லை | முதலாளி எழுத்தில் கொடுத்தால் | உண்டு | வலுவாக உண்டு |
| தகவல் வேகம் | மிக மெதுவு | வேகம் | முடிவெடுக்கும்போதே | தொழிலாளர் புகாரில் மிக வேகம் |
| எண்களின் நம்பகம் | குறைவு | நன்று | நன்று, கூட்டம் தவறாதவரை | வெளியார் பார்வை இருப்பதால் நன்று |
| மறைந்த செலவு | மீண்டும் மீண்டும் ஆடிட் | நிறுத்தும் நாளின் இழப்பு | முதலாளியின் நேரம் | பேச்சுவார்த்தை, கூடும் சாயக் கூலி |
| ஆள் போனால் | எல்லாம் போகும் | பாதி போகும் | முதலாளி மாறினால் ஆட்டம் காணும் | நிற்கும் |

இவை ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. முந்நூறு பேர் வேலை செய்யும் கம்பெனி என்னிடம் கேட்டால் மூன்றாவது வழியில் தொடங்கச் சொல்வேன், சாயத்துக்கு நான்காவதை அதோடு சேர்க்கச் சொல்வேன். ஆள் எடுப்பதை ஓராண்டு கழித்துப் பார்க்கலாம். அந்த ஓராண்டில் துறைத் தலைவர்களுக்கு எண்கள் பழகியிருக்கும், புதிதாக வருபவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது. சான்றிதழ் அதற்கும் பிறகு, பையர் கேட்டால்.

இப்போது மேஜையில் கிடக்கும் அந்தக் கேள்வித்தாளுக்கு வருவோம். அதை எச்.ஆரிடம் கொடுக்காதீர்கள். மெர்ச்சண்டைசர், உற்பத்தி மேனேஜர், துணி கொள்முதல் செய்பவர், உள்ளகக் குழுத் தலைவர் நால்வரையும் கூப்பிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் நேரே ஒருவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். சில கேள்விகளுக்கு நேரே யார் பெயரும் வராது. முதல் வாரக் கூட்டத்தை அந்தக் கேள்விகளில் தொடங்குங்கள்.